எதிரெதிர் பக்கங்களில் தலைப்பு எப்போதும் வெளி ஓரத்தில் நிற்க வேண்டும், ரைட்டரில் வழி உண்டா?

நாணற்புல்
வணக்கம். என் கவிதைத் தொகுப்பை நானே லிப்ரெஆபிஸ் ரைட்டரில் வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். டெமி 1/8 அளவு, 128 பக்கம், 87 கவிதைகள், ஒவ்வொன்றும் புதுப் பக்கத்தில் தொடங்கும். எனக்கு வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம் என்றுதான் நினைத்தேன். புத்தகத்தை விரித்தால் இடப்பக்கத்துத் தலைப்பு இடது ஓரத்திலும் வலப்பக்கத்துத் தலைப்பு வலது ஓரத்திலும் நிற்க வேண்டும், இரண்டுமே தையலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தலைப்புக்குக் கீழே கவிதை வரிகளும் அதே மாதிரி.

கையால்தான் செய்தேன். இரண்டு ராத்திரி. இரட்டைப்படைப் பக்கம் என்றால் கன்ட்ரோல் எல், ஒற்றைப்படை என்றால் கன்ட்ரோல் ஆர். முடித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் காலை அணிந்துரை வந்தது. ஒரு பக்கத்துக்கு மேல் எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்த நண்பர் ஒன்றேகால் பக்கம் எழுதியிருந்தார். அந்தக் கால் பக்கத்தால் எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப்போய், 87 தலைப்பும் தையலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு ஒன்றையொன்று முறைக்கின்றன. மறுபடி உட்கார்ந்து மாற்றலாம், ஆனால் நன்றியுரை இன்னும் எழுதவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பென்குயின்66
சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். நேரடியான பதில்: இல்லை. ரைட்டரில் பாராவுக்கு இடது, வலது, நடு, ஜஸ்டிஃபை, இவைதான். ‘உள்பக்கம்’, ‘வெளிப்பக்கம்’ என்ற அலைன்மெண்ட் கிடையாது. வேர்டிலும் பாராவுக்கு அது இல்லை.

காரணம் எளிது. பாராவுக்குத் தான் எந்தப் பக்கத்தில் விழப்போகிறோம் என்று தெரியாது. அதன் குணங்களை எல்லாம் வைத்துக்கொண்டுதான் மென்பொருள் வரி பிரித்து, பக்கம் நிரப்பி, ‘நீ 43ஆம் பக்கம்’ என்று முடிவு செய்கிறது. நீங்கள் கையால் செய்தது பாராவிடம் சொன்ன வேலை. அதனால்தான் பக்கம் மாறியும் பாரா மாறவில்லை.

ஒற்றை இரட்டை தெரிந்தவை மூன்று: பேஜ் ஸ்டைல் (பக்கத்தின் அமைப்பு), ஹெடர் ஃபுட்டர் (பக்கத்தின் மேல், கீழ்ப் பட்டை), ஃப்ரேம் (எழுத்தை அடைக்கும் கட்டம்). முதலில் பேஜ் ஸ்டைலில் பேஜ் லேஅவுட்டை ‘மிரர்டு’ ஆக்குங்கள். இடது, வலது என்று இருக்கும் மார்ஜின்களின் பெயரே உள், வெளி என்று மாறிவிடும். உள்ளே 2.2 செ.மீ., வெளியே 1.5 வைத்தால் 14 செ.மீ. அகலத்தில் எழுத்துக்கு 10.3 கிடைக்கும். பக்க எண்ணுக்கு ஹெடர் அல்லது ஃபுட்டர் டேபில் ‘இடது வலது பக்கங்களில் ஒரே உள்ளடக்கம்’ என்ற டிக்கை எடுத்துவிட்டால் இரண்டையும் தனித்தனியாக அலைன் செய்யலாம். அது ஒருமுறை செய்தால் போதும், எத்தனை அணிந்துரை வந்தாலும் அசையாது.

தலைப்புக்கு ஃப்ரேம் போட்டுப் பாருங்கள். ஃப்ரேமைப் பாராவோடு ஆங்கர் செய்து, அதாவது பிணைத்து, அகலத்துக்கு ஆட்டோசைஸ் கொடுத்து, பொசிஷன் டேபில் ‘மிரர் ஆன் ஈவன் பேஜஸ்’ டிக் செய்தால் கிடைமட்ட இடத்துக்கு ‘அவுட்சைடு’ என்று ஒரு தேர்வு வரும். அதுதான் நீங்கள் தேடுவது.

சும்மாவந்தவன்
ரைட்டரில் கண்டிஷனல் ஸ்டைல் என்று ஒன்று இருக்கிறதே, அதில் இடப்பக்கம் என்றால் இது, வலப்பக்கம் என்றால் அது என்று கொடுக்க முடியாதா? இல்லாவிட்டால் அலைன்மெண்டில் ‘ஸ்டார்ட்’, ‘எண்ட்’ என்று பார்த்த ஞாபகம்.

பென்குயின்66
கண்டிஷனல் ஸ்டைலில் நானும் ஒரு காலத்தில் ஆசையாகப் போய்ப் பார்த்தேன். டேபிள், ஃப்ரேம், செக்‌ஷன், அடிக்குறிப்பு, ஹெடர், ஃபுட்டர், அவுட்லைன் லெவல் என்று நிபந்தனைப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பக்கம் ஒற்றையா இரட்டையா என்ற நிபந்தனை மட்டும் இல்லை. ஸ்டார்ட், எண்ட் என்பது எழுத்து ஓடும் திசையைப் பொறுத்தது. அரபி, உருது மாதிரி வலமிருந்து இடமாக எழுதினால் ஸ்டார்ட் வலது ஓரம். தமிழில் அது எந்தப் பக்கமானாலும் இடது ஓரம்தான்.

எரிச்சல் என்னவென்றால் இது யாருக்கும் தோன்றாத யோசனை இல்லை. பக்க வடிவமைப்புக்காக 2001இல் வெளிவந்த எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ தரத்தில் டெக்ஸ்ட்-அலைன் என்ற பண்புக்கு ‘இன்சைடு’, ‘அவுட்சைடு’ என்று இரண்டு மதிப்புகள் உண்டு. ரைட்டர் கோப்பைச் சேமிக்கும் ஓடிஎஃப் வடிவம் அந்தப் பண்பை அதே பெயரோடு எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு மதிப்புகளை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது.

கீபோர்டு_ராணி
நாணற்புல் சார், இன்டிசைன் என்ற புத்தக வடிவமைப்பு மென்பொருளில் இதற்குப் பட்டனே இருக்கிறது. ‘அலைன் டுவேர்ட்ஸ் ஸ்பைன்’, ‘அலைன் அவே ஃப்ரம் ஸ்பைன்’ என்று பாரா ஸ்டைலிலேயே வைத்துவிடலாம், பக்கம் நகர்ந்தால் தானாகத் திரும்பிக்கொள்ளும். ஆனால் ஒரு புத்தகத்துக்காக மாதச் சந்தா கட்டச் சொல்ல மாட்டேன்.

வேர்டில் ஒரு பழைய வித்தை இருக்கிறது, எங்கள் சென்டரில் ஆண்டுமலர் வேலைக்கு நான் பயன்படுத்துவது. டெக்ஸ்ட் பாக்ஸ் இல்லை, ‘ஃப்ரேம்’. ரிப்பனில் சாதாரணமாகக் கண்ணில் படாது. தலைப்பு ஸ்டைலை மாடிஃபை செய்யப் போனால் கீழே ஃபார்மட் பட்டனில் ஃபான்ட், பாராகிராஃப் என்று வரும் பட்டியலில் ஃப்ரேம் என்றும் ஒன்று இருக்கும். அகலம் ஆட்டோ, கிடைமட்டம் ‘அவுட்சைடு’, மார்ஜினைப் பொறுத்து. பேஜ் செட்டப்பில் மிரர் மார்ஜின்ஸ். ஃப்ரேம் ஸ்டைலுக்குள்ளேயே இருப்பதால் அந்த ஸ்டைல் போட்ட எல்லாத் தலைப்பும் தானாக வெளி ஓரத்துக்குப் போய்விடும். பொருளடக்கத்திலும் ஒழுங்காக வரும்.

ஒரு குறை. தலைப்பு ஒரே வரி என்றால்தான் அழகு. இரண்டு வரி ஆனால் ஃப்ரேம் வெளி ஓரத்துக்குப் போனாலும் உள்ளே இருக்கும் வரிகள் இடதுபுறமே ஒட்டிக்கொண்டிருக்கும். வலப்பக்கத்தில் இரண்டாவது வரி குட்டையாக இருந்தால் ஓரத்தில் ஓட்டை விழும்.

ஈயஎழுத்து
நான் ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்து ஆள். இருபது வருடம் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கும் எழுத்துப் பெட்டியான கேஸுமாக இருந்துவிட்டு இப்போது வீட்டில் புரூஃப் பார்க்கிறேன். உங்கள் மென்பொருள் சங்கதி எனக்கு முழுசாகப் புரியாது. ஆனால் முதல் பதிவில் ‘கவிதை வரிகளும் அதே மாதிரி’ என்று ஒரு வரி இருக்கிறது, யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லையே.

தலைப்பு வெளி ஓரத்துக்குப் போகட்டும், நல்லதுதான். புரட்டுகிறவன் கட்டைவிரல் இருக்கும் இடம் அது. பசை பைண்டிங் புத்தகம் முழுசாக விரியாது, தையல் பக்கம் இருப்பதை மடிப்பு விழுங்கிவிடும். அதனால்தான் பக்க எண்ணையும் வெளியே வைக்கிறோம். வரிகளை எதற்கு வலது ஓரத்தில் கட்டுகிறீர்கள்? ஒரு வரி முடிந்ததும் கண் திரும்பி வந்து அடுத்த வரியைப் பிடிக்க ஒரு நேர்கோடு வேண்டும். அதைப் பறித்துவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் தொடக்கத்தைத் தேட வேண்டும். நாலு வரிக் கவிதைக்குத் தாங்கும், முப்பது வரிக்குத் தலைவலி.

நாணற்புல்
ஐயா, மரியாதையோடு ஒரு மறுப்பு. இது நாவல் இல்லையே, கவிதை. வாசகர் கொஞ்சம் தேடட்டும் என்றுதான் நினைத்தேன். விரித்த பக்கம் இரண்டு சிறகு மாதிரி இருக்கும் என்பது என் கற்பனை.

ஈயஎழுத்து
சிறகு நல்ல கற்பனைதான். ஒரு கவிதையை இங்கே போடுங்கள், பார்ப்போம்.

நாணற்புல்
31ஆம் பக்கத்தில் இருப்பது:

கிணற்றடியில்
வாளியை வைத்துவிட்டுப் போனவள்
இன்னும்
கயிற்றின் ஈரத்தில் இருக்கிறாள்

ஈயஎழுத்து
நன்றாக இருக்கிறது. இப்போது மூன்றாவது வரியைப் பாருங்கள். ‘இன்னும்’ தனியாக நிற்கிறது. இடது ஓரத்தில் கட்டினால் அந்தச் சொல்லைப் படித்த பிறகு வெற்றிடம் வருகிறது, அந்த வெற்றிடத்தில் ஒரு மூச்சு நின்றுதான் அடுத்த வரிக்குப் போகிறோம். நீங்கள் வரியை உடைத்ததே அதற்காகத்தானே? வலது ஓரத்தில் கட்டினால் வெற்றிடம் சொல்லுக்கு முன்னால் போய்விடுகிறது. மூச்சு முதலில் வந்துவிட்டது, சொல் அப்புறம் வந்து ஓரத்தில் முட்டி நிற்கிறது. கவிதை 31இல் ஒரு மாதிரியும், அது ஒரு பக்கம் தள்ளி 32க்குப் போனால் வேறு மாதிரியும் படிக்கும். உங்கள் நண்பர் அணிந்துரையைக் கால் பக்கம் நீட்டியதால் உங்கள் கவிதையின் மூச்சு மாறலாமா?

நாணற்புல்
இதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி, வரிகள் இடது ஓரமே. தலைப்பு மட்டும் போதும்.

ஈயஎழுத்து
சிறகு ஆசை விடாவிட்டால் ஒரு வழி. வரியைச் சாய்க்காமல் மொத்தக் கட்டத்தையும் வெளியே தள்ளுங்கள். அந்தத் தம்பி சொன்ன உள் மார்ஜினை 2.2க்குப் பதில் 3 வையுங்கள். கவிதைக்கு இடம் தாராளம், பைண்டிங்குக்கும் நல்லது. மடங்கும் வரிகள் அதிகமானால் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல் நீளம், குறுகிய பத்தியில் வரி சீக்கிரம் மடங்கும்.

லாடெக்வாசி
கட்டளை எழுதிப் பக்கம் கட்டும் லாடெக் மென்பொருளில் இது ஐந்து நிமிட வேலை என்று சொல்ல வந்தேன், ஆனால் மனசாட்சி உறுத்துகிறது, முதல் தடவை எனக்கு ஒரு மாலை போனது. சேஞ்ச்பேஜ் என்ற பேக்கேஜில் ஒற்றைப் பக்கமா என்று கேட்கும் கட்டளை இருக்கிறது. தலைப்பு வரும் இடத்தில் அதைக் கேட்டு, ஆம் என்றால் வலது, இல்லை என்றால் இடது. இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தில் எந்தத் தலைப்பு எந்தப் பக்கத்தில் விழுந்தது என்று ஒரு துணைக் கோப்பில் குறித்துக்கொள்ளும், இரண்டாவது ஓட்டத்தில் அதைப் படித்து அலைன் செய்யும். பென்குயின் சொன்ன ‘பாராவுக்குப் பக்கம் தெரியாது’ பிரச்சினைக்கு அவர்கள் கண்ட பதில் அதுதான், ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கட்டு. தமிழுக்கு லாடெக்கின் ஸீலாடெக் அல்லது லுவாலாடெக் வகை.

நாணற்புல்
அதற்குள் ஃப்ரேம் போட்டுப் பார்த்தேன். வேலை செய்கிறது! நன்றியுரைக்காக ஒரு வெற்றுப் பக்கம் செருகிப் பார்த்தேன், தலைப்புகள் தானாகத் தாவின, குழந்தை மாதிரி நாலைந்து தடவை செருகி எடுத்து ரசித்தேன். ஆனால் 87 ஃப்ரேம். மவுஸ் கொஞ்சம் வழுக்கினால் ஃப்ரேம் எங்கோ போய்விடுகிறது. 52ஆம் பக்கத் தலைப்பு கவிதைக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்ததை இன்று காலைதான் பார்த்தேன்.

பென்குயின்66
வேர்டில் ஃப்ரேமை பாரா ஸ்டைலுக்குள் வைக்கலாம், ரைட்டரில் முடியாது, அங்கே ஃப்ரேமுக்குத் தனி ஸ்டைல். உங்களுக்கு மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் குட்டி நிரல்) வழிதான் நல்லது. லாடெக்வாசி சொன்ன அதே இரண்டு ஓட்டம், கடைசியில் ஒருமுறை.

முதலில் நான் சொன்னதில் ஒரு திருத்தம், மன்னிக்கவும். மிரர்டு என்று ஒரே பேஜ் ஸ்டைல் வைக்காமல் ரைட்டரில் தயாராக இருக்கும் ‘லெஃப்ட் பேஜ்’, ‘ரைட் பேஜ்’ இரண்டையும் பயன்படுத்துங்கள். ஒன்றின் ‘நெக்ஸ்ட் ஸ்டைல்’ மற்றொன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மார்ஜினை இரண்டிலும் தனித்தனியாக வைக்க வேண்டும், இடப்பக்கத்துக்கு வலது மார்ஜின் பெரிது, வலப்பக்கத்துக்கு இடது மார்ஜின் பெரிது.

அப்புறம் மூன்று பாரா ஸ்டைல். ‘கவிதைத் தலைப்பு’ தாய், அவுட்லைன் லெவல் 1, முன்னால் பேஜ் பிரேக். அதிலிருந்து ‘தலைப்பு இடம்’, ‘தலைப்பு வலம்’ என்று இரண்டு பிள்ளைகள், அலைன்மெண்ட் மட்டும் வேறு. பிள்ளைகளிலும் அவுட்லைன் லெவல் 1 இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், இல்லாவிட்டால் பொருளடக்கம் காலியாக வரும். மேக்ரோ ஒவ்வொரு பாராவாகப் போய், அது இந்த மூன்றில் ஒன்று என்றால் வியூ கர்சரை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, ‘இது எந்தப் பேஜ் ஸ்டைலில் இருக்கிறது’ என்று கேட்கும். லெஃப்ட் பேஜ் என்றால் இடம், ரைட் பேஜ் என்றால் வலம். பக்க எண்ணை எண்ணிக் கணக்குப் போட வேண்டாம், பேஜ் ஸ்டைல் பெயரைக் கேட்பதே பத்திரம். இருபது வரிகூட வராது, தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

மேக்ரோ ஓடி அலைன்மெண்ட் மாற்றினால் பக்கங்கள் மறுபடி நகர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். நகராது. இரண்டு ஸ்டைலும் ஒரே ஃபான்ட், ஒரே அளவு, ஒரே இடைவெளி. இடது ஓரத்தில் ஒரு வரி பிடிப்பது வலது ஓரத்திலும் அதே ஒரு வரிதான். இரண்டு வரித் தலைப்பும் வலது ஓரத்தில் ஒழுங்காக ஒட்டும், ராணி அக்கா சொன்ன ஓட்டை இதில் இல்லை.

நாணற்புல்
தம்பி, ஓடிவிட்டது. மூன்று வினாடி. இரண்டு ராத்திரி வேலை.

ஆனால் இப்போது வேறு குழப்பம். ரைட்டரில் சரியாக இருக்கிறது. பிடிஎஃப் எடுத்து இரண்டு பக்கம் சேர்ந்து தெரிகிற மாதிரி வைத்துப் பார்த்தேன், அதிலும் கவிதைகள் எல்லாம் சரி, தலைப்புகள் வெளி ஓரத்தில். அச்சகத்துக்கு அனுப்பி ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், எடுத்து வரச் சொன்னேன். வந்ததைப் பிரித்தால் எல்லாத் தலைப்பும் தையலுக்குள்! அச்சகத்தில் எங்களிடம் தப்பில்லை என்கிறார்கள். ஒரே கோப்பு எப்படித் திரையில் சரியாகவும் தாளில் தப்பாகவும் இருக்கும்?

கீபோர்டு_ராணி
சார், பிடிஎஃபில் முதல் பக்கம் எப்படித் தெரிகிறது? தனியாக வலதுபுறம் நிற்கிறதா, இரண்டாம் பக்கத்தோடு ஜோடியாகவா?

நாணற்புல்
ஜோடியாக. 1 இடதுபுறம், 2 வலதுபுறம்.

கீபோர்டு_ராணி
அங்கேதான் விஷயம். புத்தகத்தில் 1ஆம் பக்கம் எப்போதும் வலப்பக்கம், அதற்கு ஜோடி கிடையாது. அக்ரோபேட் ரீடரில் டூ பேஜ் வியூவோடு ‘ஷோ கவர் பேஜ் இன் டூ பேஜ் வியூ’ என்று இன்னொன்று இருக்கும். அதையும் டிக் செய்தால்தான் நிஜப் புத்தகம் மாதிரி தெரியும். டிக் செய்துவிட்டுப் பாருங்கள், திரையிலும் தப்பாகவே வரும் என்று நினைக்கிறேன்.

நாணற்புல்
ஆமாம்! கவிதைகள் எல்லாம் தையலுக்குள் போய்விட்டன. ஆனால் ஏன்?

பென்குயின்66
முன்னுரை எந்தப் பக்கத்தில் முடிகிறது, முதல் கவிதை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது?

நாணற்புல்
முன்னுரை 9இல் முடிகிறது. முதல் கவிதை வலப்பக்கத்தில் தொடங்க வேண்டும் என்று ரைட் பேஜ் கொடுத்தேன், 11.

பென்குயின்66
10 எங்கே? வலப்பக்கம் முடிந்த உடனே இன்னொரு வலப்பக்கம் கேட்டால் ரைட்டர் நடுவில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் தானாக வைத்துக்கொள்ளும். பிடிஎஃப் எடுக்கும்போது அந்த வெற்றுப் பக்கத்தைச் சேர்க்காது, நீங்கள் கேட்டால்தான் சேர்க்கும். எக்ஸ்போர்ட் டயலாக்கில் ‘தானாகச் செருகிய வெற்றுப் பக்கங்களையும் எக்ஸ்போர்ட் செய்’ என்ற டிக் இருக்கிறது. அது இல்லாததால் 11 என்று எண் அச்சான பக்கம் கோப்பில் பத்தாவதாக நிற்கிறது. அச்சான புத்தகத்தில் பத்தாவது என்றால் இடப்பக்கம். அதற்குமேல் எல்லாமே ஒன்று தள்ளி.

உங்கள் திரையில் சரியாகத் தெரிந்ததுதான் வேடிக்கை. கோப்பில் ஒரு பக்கம் குறைந்தது, ரீடர் ஒரு பக்கம் தள்ளி ஜோடி சேர்த்தது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. முதல் ஒன்பது பக்கங்களைப் பார்த்திருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம், ஆனால் சொந்தப் புத்தகத்தில் யார் அணிந்துரையைப் பார்ப்பார்கள்.

ஈயஎழுத்து
அந்தக் காலத்தில் இந்த வம்புக்கு ஒரே மருந்து இருந்தது. பழைய தாளை மடித்து, பக்க எண் எழுதி, சின்னதாக ஒரு டம்மி. ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கும் 16 பக்க ஃபாரம் என்றால் ஒரு தாளை மூன்று தடவை மடித்தால் போதும். வெற்றுப் பக்கத்துக்கும் எண் போடுவோம், அச்சாகாவிட்டாலும் அது பக்கம்தான்.

நாணற்புல்
டிக் போட்டு எடுத்துவிட்டேன். சரியாக 128, எட்டு ஃபாரம். இரண்டாவது டம்மி இன்று மாலை வந்தது. தலைப்புகள் வெளியே, வரிகள் இடதில், உள் மார்ஜின் 3. ஐயா சொன்னது சரிதான், ‘இன்னும்’ தாளில் பார்க்கும்போது அதன் இடத்தில் இருக்கிறது. நன்றியுரையையும் எழுதிவிட்டேன், உங்கள் ஐந்து பேரின் புனைபெயரும் அதில் உண்டு. அதனால் அது ஒன்றேகால் பக்கம் வந்துவிட்டது.

பென்குயின்66
மேக்ரோவை மறுபடி ஓட்டினீர்களா?

நாணற்புல்
நன்றியுரையைத்தான் புத்தகத்தின் கடைசிக்கு மாற்றிவிட்டேனே தம்பி. இருந்தாலும் ஓட்டினேன்.